ஆம்ப்யூல் மேல் என்ன எழுதியிருக்கிறது?

நர்சிங், பார்மசி, ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் படிப்பு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவசர சிகிச்சை, மருந்தியல் ஆசிரியர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். அளவுகள் எல்லாம் பாடத்துக்காகத் தரப்படுபவை. வார்டில் டாக்டர் எழுதிய உத்தரவும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும்தான் செல்லும்.

அட்ரினலின் ஆம்ப்யூலில் (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில்) 1:1000 என்று போட்டிருக்கிறது. பாடத்தில் 1:10,000 என்றும் வருகிறது. இரண்டும் வேறு வேறு மருந்தா? எதை எப்போது கொடுப்பது?
– பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்

மருந்து ஒன்றுதான், கலந்திருக்கும் தண்ணீரின் அளவுதான் வேறு. 1:1000 என்றால் 1000 மி.லி. திரவத்தில் 1 கிராம். 1 கிராம் என்பது 1000 மி.கி. ஆகவே 1 மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 என்றால் அதே 1 கிராம் 10,000 மி.லி.யில் கரைந்திருக்கிறது. அதில் 1 மி.லி.க்கு 0.1 மி.கி.தான் வரும். சைபர் கூடக்கூட மருந்து நீர்த்துக்கொண்டே போகிறது. பதற்றத்தில் இருப்பவர் கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும், பெரிய எண் இருந்தால் வீரியம் அதிகம் என்று மனம் நினைத்துக்கொள்ளும். இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்காவில் 2016 முதல் அட்ரினலின் லேபிளில் விகிதத்தை எடுத்துவிட்டு மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று மட்டும் அச்சிடச் சொல்லிவிட்டார்கள். நீங்களும் நோட்டில் விகிதத்தை அடித்துவிட்டு "1 மி.லி. = 1 மி.கி." என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது எது என்பதற்கு வருவோம். ஊசி மருந்துக்கோ குளவிக் கடிக்கோ ஒவ்வாமை வந்து மூச்சு இழுக்கிறது, பி.பி. இறங்குகிறது என்றால் நீர்க்காத ஆம்ப்யூலிலிருந்து 0.5 மி.லி., அதாவது 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்க நடுத் தசையில். இது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி., அதிகபட்சம் 0.5. தேறவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி. 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்தால் அரைக்கோடு தெளிவாகத் தெரியும். 5 மி.லி. சிரிஞ்சில் 0.5 எடுப்பது கண்மதிப்பு வேலை. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறுபவரை உட்காரவிடலாம், ஆனால் திடீரென்று எழுந்து நிற்கவிடாதீர்கள்.

இதயம் நின்றுவிட்ட நோயாளிக்கு 1 மி.கி., நரம்பு (சிரை ரத்தக்குழாய்) வழியாக, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இங்கேதான் 1:10,000 வருகிறது. ஒரு ஆம்ப்யூலை 10 மி.லி. சிரிஞ்சில் ஏற்றி, மேலே 9 மி.லி. சலைன் இழுத்தால் 10 மி.லி.யில் 1 மி.கி. ஆகிவிடும். போட்டதும் 20 மி.லி. சலைன் தள்ளி, கையைத் தூக்கிப் பிடியுங்கள். ரத்த ஓட்டம் நின்ற உடலில் மருந்து கையிலேயே தங்கிவிடும்.

ஆபத்து இந்த இரண்டும் இடம் மாறும்போதுதான். நாடி துடிக்கிற ஒவ்வாமை நோயாளிக்கு 1 மி.கி.யை நரம்பில் ஒரே தள்ளாகத் தள்ளினால் பி.பி. எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாரடைப்பே வரலாம். இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை என்றதும் கை தானாக அவில் (அரிப்பை அடக்கும் ஊசி), ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு) பக்கம் போகிறது. அரிப்புக்கு அவில் சரிதான். அடைபடும் மூச்சுக்குழாயையும் இறங்கும் பி.பி.யையும் அது திருப்பாது. அட்ரினலின் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படிக்காமல் ஜி.என்.எம். சேர்ந்தேன். 'மோல்', 'மில்லி ஈக்விவலன்ட்' என்று வந்தாலே பயமாக இருக்கிறது. எவ்வளவு கெமிஸ்ட்ரி தெரிந்தால் போதும்?
– ஜி.என்.எம். முதலாம் ஆண்டு மாணவி, அரியலூர்

உளுந்தை யாரும் எண்ணி வாங்குவதில்லை, நிறுத்துத்தான் வாங்குகிறோம். மோலும் அப்படித்தான். எண்ண முடியாத அளவு துகள்களை எடை வழியாக எண்ணும் வழி அது. சாப்பாட்டு உப்பில் ஒரு மோல் 58.5 கிராம். பொட்டாசியம் குளோரைடில் 74.5 கிராம். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், லேபிளிலோ புத்தகத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வார்டில் தினமும் தொங்கும் நார்மல் சலைனையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.9% என்றால் 100 மி.லி.யில் 0.9 கிராம், ஒரு லிட்டரில் 9 கிராம். 9-ஐ 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல், அதாவது 154 மில்லி மோல். தண்ணீரில் விழுந்ததும் உப்பு சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது. ஆக மொத்தத் துகள் 308. ரத்தத்தில் இந்த எண்ணிக்கை 290-ஐ ஒட்டி இருக்கும். கிட்டத்தட்டச் சமம் என்பதால்தான் சலைன் ஏறும்போது ரத்த அணு வீங்குவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஊசி மருந்து கரைக்க வைத்திருக்கும் ஸ்டெரைல் வாட்டரில் துகளே இல்லை. அதை அப்படியே டிரிப்பாக ஏற்றினால் சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். அலமாரியில் இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதல் வேலையாகப் பிரித்து வையுங்கள்.

மில்லி ஈக்விவலன்ட் என்பது மில்லி மோலை மின்னேற்றத்தால் பெருக்கிய எண். சோடியம், பொட்டாசியம் இரண்டுக்கும் மின்னேற்றம் ஒன்று, அதனால் இரண்டு எண்ணும் ஒன்றேதான். கால்சியம், மெக்னீசியத்துக்கு இரண்டு, அதனால் 1 மில்லி மோல் 2 மில்லி ஈக்விவலன்ட். இதோடு சதவீதம், பி.எச்., எது எதில் கரையும் என்ற மூன்றும் புரிந்தால் முதலாம் ஆண்டைத் தைரியமாகத் தாண்டலாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

'மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) 4 கிராம், 20 சதவீதமாக்கி மெதுவாக ஐ.வி.' என்று டாக்டர் சொல்கிறார். கையில் இருப்பது 50% ஆம்ப்யூல். எத்தனை ஆம்ப்யூல், எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.
– ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சியில் இருக்கும் மாணவி, தர்மபுரி

வலிப்பு வந்த கர்ப்பிணி முன்னால் நின்றுகொண்டு கணக்குப் போட முடியாது. இப்போதே போட்டு வைத்துவிடுவோம்.

50% என்றால் 100 மி.லி.யில் 50 கிராம், 1 மி.லி.யில் 500 மி.கி. ஆம்ப்யூல் 2 மி.லி., அதில் 1 கிராம். 4 கிராமுக்கு 4 ஆம்ப்யூல், 8 மி.லி. 20% என்றால் 1 மி.லி.யில் 200 மி.கி. 4 கிராம் அதில் அடங்க 20 மி.லி. வேண்டும். 20-லிருந்து 8 போக 12. ஆகவே 20 மி.லி. சிரிஞ்சில் 8 மி.லி. மருந்து, 12 மி.லி. சலைன் அல்லது ஸ்டெரைல் வாட்டர். பலரும் செய்யும் தவறு 8 மி.லி. மருந்தோடு 20 மி.லி. சேர்ப்பது. "20 மி.லி.யாக ஆக்கு" என்பதும் "20 மி.லி. சேர்" என்பதும் வேறு வேறு. இந்தத் தவறில் மருந்தின் மொத்த அளவு மாறாது, 28 மி.லி. ஆகி நீர்த்துப்போகும், அவ்வளவுதான். நீர்க்காமல் 50%-ஐ நரம்பில் வேகமாகத் தள்ளுவதுதான் உண்மையான ஆபத்து. உடல் எரியும், பி.பி. இறங்கும், மூச்சு அடங்கும். 5 நிமிடத்துக்குக் குறையாமல் கொடுங்கள்.

பிரிட்சர்ட் முறையில் இதற்குப் பின் ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஆழமாகத் தசையில். அது நீர்க்காத 50%, பக்கத்துக்கு 10 மி.லி. வலிக்காமல் இருக்க 2% லிக்னோகெய்ன் 1 மி.லி. அதே சிரிஞ்சில் சேர்ப்பார்கள். ஆக முதல் தவணை 4 + 5 + 5 = 14 கிராம். பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி.

ஒவ்வொரு மறுதவணைக்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முழங்கால் தட்டினால் கால் உதறுகிறதா, நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா, 4 மணி நேரத்தில் 120 மி.லி. சிறுநீராவது வந்திருக்கிறதா. மெக்னீசியம் சிறுநீர் வழியாக மட்டுமே வெளியேறும். சிறுநீர் இறங்கவில்லை என்றால் அடுத்த தவணை முந்தையதன் மேல் குவிகிறது. முதலில் போவது முழங்கால் உதறல், அதற்கப்புறம்தான் மூச்சு. அதனால் சுத்தியலைத் தேட நேரமில்லை என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், உள்ளங்கை ஓரத்தால் தட்டினாலே போதும்.

மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10%, 10 மி.லி., மெதுவாக. மெக்னீசியம் போட ஆரம்பிக்கும்போதே தட்டில் இருக்கட்டும். ஆனால் இரண்டையும் ஒரே குழாயில் அடுத்தடுத்து விடாதீர்கள், நடுவில் சலைன் விட்டுக் கழுவுங்கள். கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். பள்ளிக்கூடச் சாக்பீஸ் அதுதான்.

கால்சியம் குளோரைடும் கால்சியம் குளுக்கோனேட்டும் 10% தானே? ஒன்றுக்குப் பதில் ஒன்று போடலாமா?
– டி.பார்ம். மாணவர், நாகர்கோவில்

10 மி.லி. குளுக்கோனேட்டில் தனிக் கால்சியம் 93 மி.கி. அதே 10 மி.லி. குளோரைடில் 272 மி.கி. ஏறத்தாழ மூன்று மடங்கு. சதவீதம் உப்பின் மொத்த எடையைச் சொல்கிறது, உள்ளே இருக்கும் கால்சியத்தைச் சொல்வதில்லை. குளுக்கோனேட் பெரிய மூலக்கூறு, அந்த எடையில் கால்சியத்தின் பங்கு சிறியது. மேலும், குளோரைடு நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோல் அழுகும். நார்அட்ரினலினிலும் இதே சிக்கல் உண்டு. அதன் பைடார்ட்ரேட் உப்பு 2 மி.கி.யில் நார்அட்ரினலின் 1 மி.கி.தான். லேபிளில் 'உப்பாக' என்று இருக்கிறதா, 'அதற்கு இணையான மருந்தாக' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை 5% டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் டிரிப்பில்) கலந்தபோது பால் மாதிரி வெளுத்துவிட்டது. 'சலைனில்தான் போடணும்' என்று சீனியர் சிஸ்டர் திட்டினார். காரணம் கேட்டால் 'அப்படித்தான்' என்கிறார்.
– பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்

சிஸ்டர் திட்டியது சரி. காரணத்தையும் சொல்லியிருந்தால் இன்னும் நாலு மருந்துக்கு உதவியிருக்கும்.

ஃபெனிடாயின் தண்ணீரில் கரையவே விரும்பாத மருந்து, ஒரு வீரியம் குறைந்த அமிலம். அதை வலுக்கட்டாயமாகக் கரைக்க மூன்று தந்திரம் செய்திருக்கிறார்கள். சோடியம் உப்பாக்கி, பி.எச்.சை 12 வரை ஏற்றி, 40% புரோப்பிலீன் கிளைக்காலும் 10% ஆல்கஹாலும் ஊற்றியிருக்கிறார்கள். பி.எச். 12 என்றால் சோடாக் காரத்தின் பக்கத்தில். அந்தக் காரத்தில் மருந்து மின்னேற்றத்தோடு இருக்கும், அதனால் கரையும். பி.எச். இறங்கினால் மின்னேற்றத்தை இழந்து படிகமாக வெளியே வந்துவிடும். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் அமிலப் பக்கம் இருக்கும் திரவம், பி.எச். 4, 5 அளவில். அதில் ஊற்றியதும் நீங்கள் பார்த்த பால் நிறம்தான் அந்தப் படிகம். அது நரம்பில் போனால் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும்.

சலைனும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே ஒரு ஆம்ப்யூலை 500 மி.லி. சலைனில் ஊற்றிப் பாருங்கள். காரம் நீர்த்துப்போய், பி.எச். இறங்கி, அங்கேயும் மெல்ல மெல்லப் படியும். மி.லி.க்கு 5 மி.கி.க்குக் குறையாத செறிவில் வைக்க வேண்டும். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 1200 மி.கி. ஆம்ப்யூல் 2 மி.லி.யில் 100 மி.கி., எனவே 12 ஆம்ப்யூல், 24 மி.லி. அதை 100 மி.லி. சலைனில் சேர்த்தால் மி.லி.க்கு ஏறத்தாழ 9.7 மி.கி. கலந்ததும் உடனே தொடங்குங்கள், கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வேகம் நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 1200 மி.கி.க்குக் குறைந்தது 24 நிமிடம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இதில் பாதி வேகம் போதும். வேகமாகப் போனால் பி.பி. விழும், இதயத் துடிப்பு மந்தமாகும். இதில் மருந்துக்கும் பங்குண்டு, அதைக் கரைத்து வைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் பங்குண்டு. புறங்கையின் மெல்லிய நரம்பு வேண்டாம், முழங்கைப் பக்கம் பெரிய நரம்பாகப் பிடியுங்கள். காரம் கசிந்தால் கை ஊதா நிறமாகி வீங்கும், சில சமயம் விரலையே இழக்க நேரும்.

இதே புத்தியை மற்ற மருந்துகளுக்கும் ஓட்டிப் பாருங்கள். சோடியம் பைகார்பனேட் போகிற குழாயில் கால்சியம் போட்டால் என்ன ஆகும்? கால்சியம் கார்பனேட், முட்டை ஓட்டில் இருப்பது. பைகார்பனேட்டோடு அட்ரினலின்? காரத்தில் அட்ரினலின் சிதைந்து வீரியம் இழக்கும். ரிங்கர் லாக்டேட் டிரிப்பில் ஏன் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலக்கக் கூடாது? ரிங்கரில் கால்சியம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து படியும். ரத்தம் ஏற்றும் குழாயில் ஏன் ரிங்கர் கூடாது? ரத்தப் பையில் உறையாமலிருக்க சிட்ரேட் போட்டிருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்து வைப்பதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. நீங்கள் கால்சியத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் குழாயிலேயே உறையும். 'கலக்கக் கூடாதவை' பட்டியலைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்கிறோம். அதில் பெரும்பாலானவை கால்சியம், பி.எச். என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

டிரிப் சொட்டுக் கணக்குக்குக் குறுக்குவழி உண்டா?
– பயிற்சி மாணவி, கும்பகோணம்

மொத்த மி.லி.யை செட்டின் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். சாதாரண செட்டில் பெரும்பாலும் மி.லி.க்கு 20 சொட்டு, ஆனால் 15 சொட்டு செட்டும் வருகிறது, உறையைப் பாருங்கள். 500 மி.லி. 4 மணி நேரத்தில்: 500 × 20 ÷ 240 = நிமிடத்துக்கு 42 சொட்டு. குறுக்குவழி மைக்ரோ செட்டில்தான் இருக்கிறது. அதில் மி.லி.க்கு 60 சொட்டு, மணிக்கு 60 நிமிடம், இரண்டும் அடிபட்டுப் போகும். மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

பொட்டாசியம் குளோரைடை 'கொல்லும் ஆம்ப்யூல்' என்கிறார்கள். டிரிப்பில் கலந்துதானே கொடுக்கிறோம், பிறகு ஏன் பயம்?
– அவசர சிகிச்சை டெக்னீஷியன் பட்டயப் படிப்பு மாணவர், திருநெல்வேலி

கலந்துவிட்டோம் என்று நினைப்பதுதான் பிரச்சினை.

15% ஆம்ப்யூல், 10 மி.லி. 1 மி.லி.யில் 150 மி.கி. 74.5-ஆல் வகுத்தால் 2 மில்லி ஈக்விவலன்ட். ஆம்ப்யூல் முழுக்க 20. ரத்தத்தில் இயல்பான பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 வரை. அந்த ஆம்ப்யூலை நேரடியாகத் தள்ளினால் இதயத்துக்குப் போய்ச் சேரும் ரத்தம் என்ன செறிவில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதயத் தசை சுருங்கிவிட்டு மறுபடி தயாராவதற்கு உள்ளே அதிகம், வெளியே கொஞ்சம் என்ற பொட்டாசிய வித்தியாசம் வேண்டும். வெளியே திடீரென்று கூடினால் இதயம் நின்றுவிடும்.

இனி கலப்பது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில், சொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசி குத்தி மருந்தை விடுகிறார்கள். அடர்த்தியான பொட்டாசியக் கரைசல் சர்பத்தின் அடியில் சர்க்கரைப் பாகு இறங்குவது மாதிரி கீழே இறங்கிக் குழாய் வாயருகே தேங்கும். முதல் சில மி.லி.யில் கிட்டத்தட்ட முழு ஆம்ப்யூலும் போய்விடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, இரண்டும் நிறமற்றவை. கிளாம்பை மூடுங்கள், பாட்டிலை இறக்குங்கள், மருந்தைச் சேர்த்துப் பத்துத் தடவை தலைகீழாகத் திருப்புங்கள், பெயரும் அளவும் நேரமும் எழுதி ஒட்டுங்கள், பிறகு மாட்டுங்கள். கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டைத் தாண்ட வேண்டாம், செறிவு லிட்டருக்கு 40-க்குள். சிறுநீர் வராத நோயாளி என்றால் டாக்டரிடம் திரும்பக் கேட்காமல் ஆம்ப்யூலை உடைக்காதீர்கள்.

பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்தம் உறையும் சோதனையைக் கண்ணாடிக் குழாயில்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய்தான் எங்களிடம் நிறைய இருக்கிறது.
– லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவி, விழுப்புரம்

பிளாஸ்டிக் வேண்டாம். கண்ணாடியின் மேற்பரப்பில் சிலிக்காவின் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ரத்தத்தின் 12-ஆம் உறைபொருள் அதைத் தொட்டதும் விழித்துக்கொண்டு உறைதல் சங்கிலியைத் தொடங்கிவைக்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் தூண்டுதல் இல்லை. நல்ல ரத்தம்கூட 20 நிமிடத்தில் உறையாமல் இருக்கலாம், அதைப் பார்த்து விஷம் ஏறிவிட்டது என்று தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்றிவிடுவார்கள். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் இதே பொய்யைச் சொல்லும், சோப்புப் படலம் கண்ணாடியை மூடிவிடுகிறது. புதிய, உலர்ந்த, சுத்தமான குழாய்தான் வேண்டும்.

2 மி.லி. புது ரத்தம், அசைக்காமல் நிமிர்த்தி வைத்து, மணி பார்த்து 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, அது சோதனையைக் கெடுக்கும். குழாய் மீது சந்தேகம் இருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தையும் இன்னொரு குழாயில் பக்கத்தில் வையுங்கள்.

உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துச் செய்தது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பொடியாக இருக்கும் ஒவ்வொரு வயலிலும் (மருந்துக் குப்பியிலும்) 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரைக்கும், நுரையின் விளிம்பில் புரதம் உருக்குலையும். முதல் தவணை வழக்கமாக 8 முதல் 10 வயல், சலைனில், ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் இதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் முன்சோதனை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அது வேண்டாம். முதல் கேள்வியின் 0.5 மி.கி. அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உறைதல் சோதனையை 6 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி செய்ய வேண்டும். விஷம் முறிந்தாலும், தீர்ந்துபோன உறைபொருளைக் கல்லீரல் மறுபடி செய்ய அவ்வளவு நேரம் ஆகும்.

பூச்சிமருந்து நோயாளிக்கு அட்ரோபின் 40, 50 ஆம்ப்யூல் போனதைக் கேஷுவாலிட்டியில் பார்த்தேன். பாடத்தில் 0.6 மி.கி. என்று படித்தோம். இது அதிகம் இல்லையா?
– பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டு மாணவி, தஞ்சாவூர்

இல்லை. கணக்கைப் பாருங்கள். பெரியவருக்கு 3 ஆம்ப்யூலில், 1.8 மி.கி.யில், தொடங்குகிறோம். 5 நிமிடத்தில் பலன் போதவில்லை என்றால் இரட்டிப்பு: 3.6. அடுத்த 5-இல் 7.2. அடுத்து 14.4. மொத்தம் 27 மி.கி., 45 ஆம்ப்யூல், முதல் 15 நிமிடத்துக்குள். அதே அளவையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் இலக்கை எட்ட மணிக்கணக்காகும், அதற்குள் நோயாளி தன் சளியிலேயே மூழ்கிவிடுவார்.

இந்தப் பூச்சிமருந்தில் உள்ள ஆர்கனோபாஸ்பரஸ், தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோகும் அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. சிதைப்பார் இல்லாமல் அசிடைல்கோலின் பெருகுகிறது. எச்சில், வியர்வை, நுரையீரலில் நீர், மந்தமான நாடி, ஊசிமுனைக் கண்மணி எல்லாம் அதனால். அட்ரோபின் இந்தச் சுரப்புப் பக்க ஏற்பிகளை மட்டும் மூடும். தசை ஏற்பிகளை அது தொடாது. எனவே மார்பு தெளிந்த பிறகும் நோயாளியின் உதரவிதானம் சோர்ந்து மூச்சு நிற்கலாம். முதல் நாலு நாளும் அடிக்கடி "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். கழுத்து தூக்க முடியவில்லை என்றால் அடுத்தது மூச்சுதான், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இலக்கு என்ன என்பதில்தான் தவறு நடக்கிறது. கண்மணி விரியும்வரை போடு என்று ஒரு பழக்கம். கண்மணி கடைசியாகத்தான் அசையும், சில சமயம் பூச்சிமருந்து கண்ணில் பட்டதாலேயே சுருங்கியிருக்கும். முதலில் கேட்க வேண்டியது நுரையீரலின் இரு பக்கமும் தெளிவாக இருக்கிறதா என்பதை. பிறகு நாடி 80-க்கு மேல், மேல் பி.பி. 80-க்கு மேல், அக்குளில் விரல் வைத்தால் உலர்வு. நாடி 110 இருக்கிறதே என்று அட்ரோபினை நிறுத்தாதீர்கள், ஆக்ஸிஜன் குறைந்தாலும் நாடி ஓடும். இலக்கை எட்டியதும் அதுவரை போன மொத்தத்தில் 10 முதல் 20% மணிக்கு. நம் கணக்கில் மணிக்கு 2.7 முதல் 5.4 மி.கி. நோயாளி பிதற்றுகிறார், காய்ச்சல் அடிக்கிறது, வயிற்றில் குடல் சத்தமே இல்லை என்றால் அளவு மீறிவிட்டது. சற்று நிறுத்திக் குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்குவார்கள்.

ஒட்டிக்கொண்ட நொதியை விடுவிக்கப் போடும் பிராலிடாக்சைம் மருந்தைப் பற்றி நேரடியாகச் சொல்வதானால், ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் செய்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, மகாராஷ்டிரத்தில் பாராமதியில் செய்ததில் தெரிந்தது. வேதியியல் ஒரு காரணத்தைக் காட்டுகிறது. நொதியில் ஒட்டிய பாஸ்பரஸ் கொஞ்ச நேரத்தில் தன் பக்கக் கிளை ஒன்றை உதிர்த்து நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். டைமெத்தில் வகையில், மோனோகுரோட்டோபாஸ் போல, பாதி நொதி 4 மணி நேரத்துக்குள் பூட்டிக்கொள்ளும். டைஎத்தில் வகையில், குளோர்பைரிபாஸ் போல, அதற்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூட்டியபின் சாவி போட்டுப் பயனில்லை. அதனால்தான் உறவினரிடம் "டப்பாவைக் கொண்டுவாங்க" என்று விடாமல் கேட்க வேண்டும். நோயாளியின் துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துணியைப் பையில் கட்டி வெளியே வையுங்கள். செய்பவர் கையில் நைட்ரைல் கையுறை இருக்கட்டும், லேடெக்ஸைப் பூச்சிமருந்தின் கரைப்பான் ஊடுருவும்.

சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு 25% நல்லதா, 50% நல்லதா?
– பயிற்சி மாணவர், ஈரோடு

தேவை 25 கிராம் குளுக்கோஸ். 50%-இல் 50 மி.லி., 25%-இல் 100 மி.லி. ஆனால் 50%-இன் துகள் செறிவு லிட்டருக்குச் சுமார் 2,500, ரத்தத்தில் 290 என்று பார்த்தோம். நரம்பு எரியும், கசிந்தால் தசை வெந்துபோகும். எனவே 25%. குழந்தைக்கு 10% வேண்டும், வார்டில் இல்லை என்றால் 20 மி.லி. 25%-ஓடு 30 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மாத்திரையின் வேலை முடிந்திருக்காது, சர்க்கரை மறுபடி இறங்கும், ஒரு நாளாவது கவனிப்பில் இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் எவ்வளவு நேரம் வரும் என்று எப்படிக் கணிப்பது?
– ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் பயிற்சி மாணவர், தேனி

சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை மீட்டரில் காட்டும் அழுத்தத்தால் பெருக்குங்கள். பி டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு. முழுசாக 150 காட்டினால் 1500 லிட்டர். மீட்டர் 100-இல் இருந்தால் 1000. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 100 நிமிடம், அதிலும் கடைசி ஐந்தில் ஒரு பங்கை நம்பாதீர்கள், ஆக 80. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு 3 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் 1800 லிட்டர் தேவை. முழு சிலிண்டர் ஒன்றே போதாது, மலை இறங்கும் முன்பே இரண்டாவதை ஏற்றிவிட வேண்டும். பை வைத்த முகமூடி மாட்டினால் மூச்சு இழுக்கும்போது பை சப்பையாகக் கூடாது, சப்பையானால் ஓட்டத்தைக் கூட்டுங்கள், மிச்ச நேரத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

வால்வு இறுகியிருக்கிறது என்று எண்ணெயோ கிரீஸோ தடவுவது பல இடங்களில் பார்க்கிற பழக்கம். அழுத்தத்தில் வரும் சுத்த ஆக்ஸிஜனில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். சானிடைசர் போட்ட கையும் நன்றாகக் காய்ந்த பிறகே வால்வைத் தொடட்டும்.